பூஜ்யம் வராத கணக்கு

புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரே கேள்வியைக் கொண்டுவருகிறீர்கள். "சார், கணக்கில் முடிவிலி வந்துவிட்டது, என்ன செய்வது?" முகத்தைப் பார்த்தால் வீட்டில் திருடன் புகுந்தது போல இருக்கிறது. வரட்டுமே! முடிவிலி வெளிப்படையான ஆள். வாசலில் நின்று சத்தம் போடும், யாரும் கவனிக்காமல் தாண்டிப் போக முடியாது. எனக்குப் பயமெல்லாம் பூஜ்யத்தைக் கண்டுதான். அது வந்துவிட்டால் நாம் சந்தோஷமாகப் பேனாவை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். ஓய்வுபெற்ற பிறகும் வாரத்துக்கு ஒருமுறை இந்தத் துறைக்கு வந்து உங்கள் உயிரை வாங்குவது இதைச் சொல்லத்தான்.

உங்களில் சிலர் வேறு துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் நம் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வெற்றிடம் என்று நாம் சொல்வது உண்மையில் சும்மா கிடக்கும் இடம் இல்லை. ஒளி, பொருள் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அங்கே புலங்கள் இருக்கின்றன, அவை முழுதாக அடங்குவதில்லை. எத்தனை வகை அலைகள் எழ முடியுமோ அத்தனைக்கும் ஒரு சின்னத் துடிப்பு மிச்சம் இருக்கிறது. அலை வகைகளுக்கு முடிவு கிடையாது, ஆகவே கூட்டினால் முடிவிலி. தட்டையான வெளியில் இதற்கு வைத்தியம் சுலபம். அந்த முடிவிலியையே தரைமட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருப்பதை மட்டும் அளக்கலாம். காலவெளி வளைந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. ஈர்ப்பு எல்லா ஆற்றலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், எது தரைமட்டம் என்பதே சண்டையாகிவிடும்.

அதற்கு நாங்கள் அன்று கைக்கொண்ட வழி இது. ஒரே புள்ளியில் இரண்டு அளவுகளைப் பெருக்குவதால்தான் முடிவிலி வருகிறது. எனவே அந்தப் புள்ளியை இரண்டாகப் பிரித்து, நடுவே மயிரிழை இடைவெளி விட்டுக் கணக்கைப் போடுவோம். பிறகு இரண்டையும் மெல்ல நெருங்க விடுவோம். நெருங்க நெருங்க எது பெருத்துக்கொண்டே போகிறதோ அதைக் கழிப்போம். இஷ்டத்துக்குக் கழிக்கக் கூடாது, கழிக்கப்படுவது அந்த இடத்தின் வளைவால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவதுதான் வெற்றிடத்தின் ஆற்றல். எத்தனையோ முறை போட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய முடிவிலிக்குள்ளிருந்து ஒரு சின்ன, சுத்தமான எண் வெளியே வரும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஒன்றுமில்லாத இடத்துக்கு, தான் வளைந்திருப்பது தெரிந்திருக்கிறது! இதைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பார்க்கவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் பின்பாதி. புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சரிசெய்து ரயில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியருக்கு நகரத்துக் கோடை ஒத்துக்கொள்ளாது. விடுமுறை விட்டதும் மண்டபம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, கரும்பலகை, சாக்பீஸ் பெட்டி, ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, உயிரோடு இருந்திருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார்.

மாணவர்கள் மூன்று பேர். நான் அபிராமத்துப் பக்கம், விவசாயக் குடும்பம், கடலைப் பார்த்தால் இன்றும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். இரண்டாவது ஆள் நைனா முகமது, திருப்பாலைக்குடிக்காரன், எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவன். மூன்றாவது புஷ்பம். தங்கச்சிமடத்துப் பெண். காலை ரயிலில் பாலத்தைத் தாண்டி வந்து, சாயந்திர ரயிலில் வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் மூவரில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான், இதில் எனக்கும் நைனாவுக்கும் எந்தக் காலத்திலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அவளுடைய அய்யா சூசை சொந்த நாட்டுப்படகில் மீன்பிடித்தவர். ஒருநாள் சீலா மீனை ஓலைப்பெட்டியில் வைத்து எங்களுக்குக் கொண்டுவந்தார். பேராசிரியர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். சூசை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே தம்பி, எம்மக வருசக்கணக்கா ஒன்னுமில்லாததப் பத்திப் படிக்கிறாளாமே. ஒன்னுமில்லாததுல படிக்க என்னலே இருக்கு?"

"அதுலதான் மாமா எல்லாமே இருக்கு" என்றான் நைனா.

"அப்பிடியா? நாளைக்கி வல வெறுசா வந்தா ஒன்னயக் கூப்புட்டுக் காட்டுறேன். நல்லாப் படிச்சிக்க."

புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போனதும் சூசை குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டருக காலேஜுல சூன் மாசம் அவளுக்கு வேல தாரோம்னு சொல்லிட்டாக. படிப்ப முடிச்சிட்டான்னு ஒங்க வாத்தியாரு கையெழுத்துப் போட்ட அந்தப் பொஸ்தகத்தக் குடுத்தாப் போதுமாம். குடுக்காட்டி வேற ஆளப் போட்ருவாக. நீங்க கொஞ்சம் சொல்லுங்கப்பா. எங்க பக்கம் பொம்பளப்பிள்ள இம்புட்டுப் படிச்சதே இல்ல, இன்னொரு தடவ இப்பிடி ஒரு எடம் எங்கன கெடைக்கும்?"

சொல்கிறோம் என்றோம். அப்போது அது பெரிய விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி, அதன் விடையும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். நிறை இல்லாத ஒருவகைப் புலத்துக்குப் பழைய இயற்பியலில் ஒரு சட்டம் உண்டு. அதன் ஆற்றலிலிருந்து மூன்று திசை அழுத்தங்களையும் கழித்தால் பூஜ்யம். வளைந்த காலவெளியில், குவாண்டம் துடிப்புகளையும் சேர்த்த பிறகும், அது பூஜ்யமாகவே இருக்கும் என்று எங்கள் பேராசிரியர் ஒரு கருத்தரங்கில் அரைப் பக்கத்தில் நிரூபித்துக் காட்டியிருந்தார். பெரிய தலைகள் எல்லாம் எழுந்து கைதட்டின. அதைக் கணக்குப் போட்டு உறுதிசெய்வதுதான் புஷ்பத்தின் கடைசி அத்தியாயம்.

அந்த வாரம் அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் கேட்டதற்குத் தாள்களை என் முன்னால் தள்ளினாள்.

"முத்தையாண்ணே, பூஜ்யம் வர மாட்டேங்குது."

"எங்கனயாவது கூட்டல் தப்பா இருக்கும். மறுபடி போடு."

"திருப்பித் திருப்பிப் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வந்தா நானே தப்புன்னு விட்ருவேன். இது ஒரே எண்ணா வருது. வளைவோட வர்க்கம், கீழ ரெண்டாயிரத்து எண்ணூத்து எம்பது, பக்கத்துல பை வர்க்கம். பிசகவே மாட்டேங்குது."

நம் தொழிலில் பிழைகளோடு கொஞ்ச நாள் பழகினால் அவற்றின் குணம் தெரிந்துவிடும். பிழை ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு வரும். ஒரே முகத்தோடு திரும்பத் திரும்ப வருவதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் உற்சாகமாகிவிட்டார். "சரி, தனித்தனியாப் போடுவோம், நானும் போடுறேன்" என்றார்.

இது எங்கள் குழுவின் வழக்கம், வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு முக்கியமான விடை சந்தேகத்துக்கு வந்தால் எல்லோரும் முதலிலிருந்து, வேறு வேறு அறையில் உட்கார்ந்து போட வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது, அதிலேயே விடை தெரிந்துவிடும் என்பார் பேராசிரியர். எல்லோரும் முடித்ததும் கரும்பலகையைக் கட்டம் பிரிப்போம். ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். கடைசி ஆள் எழுதிவிட்டு "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் திரும்பலாம். பெரியவர் எழுதிவிட்டாரே என்று சின்னவன் தன் விடையை மாற்றிக்கொள்ளாமல் இருக்க அவரே கண்டுபிடித்த ஏற்பாடு அது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஏற்பாடுதான்.

எல்லோரும் போட்டு முடித்த பிறகு ஒருநாள் காலை நால்வரும் பலகையில் எழுதினோம். கடைசி ஆள் நான். "ஆச்சு" என்றேன். திரும்பிப் பார்த்தோம். மூன்று கட்டங்களில் ஒரே எண். நாலாவது கட்டத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், ஒரு பூஜ்யம்.

"யா அல்லாஹ்" என்றான் நைனா. அவன் சிரிக்காமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

பேராசிரியர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுக்கு ஒன்னு. ஆனா இது பஞ்சாயத்து எலெக்ஷன் இல்ல, உட்காருங்க" என்றார். மத்தியானம் முழுக்க புஷ்பத்தின் தாள்களையும் தன் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தார். எந்த வரியில் இரண்டும் பிரிகின்றன என்பதை அவரேதான் கண்டுபிடித்தார். அவர் பூஜ்யத்தை முதலிலேயே போட்டிருந்தார். பழைய சட்டப்படி இது பூஜ்யம் என்று எழுதிவிட்டு, அப்புறம் புள்ளியைப் பிரித்தார். புஷ்பம் முதலில் புள்ளியைப் பிரித்தாள். பிரிந்திருக்கும்போது அந்தத் தொகை பூஜ்யம் இல்லை, மிக மிகச் சிறியது. அதை ஒரு மிகப் பெரியது பெருக்குகிறது. புள்ளிகள் நெருங்கும்போது சிறியது இன்னும் சிறியதாகிறது, பெரியது இன்னும் பெரியதாகிறது, இரண்டும் சேர்ந்து அசையாத ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகின்றன. முன்னாலேயே பூஜ்யத்தைப் போட்டவருக்கு அந்த எண் கண்ணிலேயே படாது. இந்தத் தவறை முட்டாள் செய்ய முடியாது. சட்டத்தை நன்றாகப் படித்து, அதன் அழகில் மயங்கியவர்தான் செய்ய முடியும்.

நைனாதான் ஒரு சமாதானம் சொன்னான். "சார், மிச்சமும் வளைவால ஆனதுதான. முடிவிலியோட சேத்து அதையும் தூக்கிப் போட்ருவோமே."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. புஷ்பம் அங்கேயே போட்டுப் பார்த்தாள். மிச்சத்தை எடுத்துவிட்டால் பூஜ்யம் வந்துவிடும், ஆனால் வளைவு இடத்துக்கு இடம் மாறும் உலகத்தில் ஆற்றல் மாறா விதி உடைந்துவிடுகிறது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆற்றல் சும்மா கசிந்து வரும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இயற்கை அழகான சட்டத்தைக் கைவிட்டுவிட்டுக் கணக்கு நேர்மையை வைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அந்தத் தாள் சொன்னது.

"புள்ளியப் பிரிக்கிற வழியே கோளாறா இருக்கலாம்" என்றார் பேராசிரியர். "அந்த வழியையே தொடாம, எங்கயும் ஒரே மாதிரி வளைஞ்ச உலகம் ஒன்ன எடுத்து, அலை அலையாக் கூட்டிப் பாரு. அங்கயும் வந்தாப் பேசுவோம்."

அந்தக் கூட்டலை புஷ்பமும் நானும் செய்தோம். தென்காற்று வீட்டுக்குள் புகுந்து தாள்களைத் தூக்கும், கையில் கிடைத்த சங்கையெல்லாம் மேலே வைத்துக்கொண்டு எழுதினோம். ரொம்பவும் அழுக்கான கணக்கு. முடிவிலிகள் ஒன்றையொன்று தின்று தீர்ந்த பிறகு கடைசி வரியில் கீழே இருநூற்று நாற்பது நின்றது. வேறு எண்! எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. புஷ்பம் தன் பழைய பொதுச் சூத்திரத்தை எடுத்து, அதில் இந்த உலகத்தின் வளைவைப் போட்டாள். மேலே பன்னிரண்டு வந்தது. கீழே இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. வகுத்தால் இருநூற்று நாற்பது.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இரண்டு வழிகளுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே கிடையாது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கோயிலில் பலமுறை நின்றிருக்கிறேன், இப்படிக் கும்பிடத் தோன்றியதில்லை. புஷ்பம் வந்து பக்கத்தில் நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"அண்ணே, நம்ம யாரும் போட்டுப் பாக்காட்டாலும் இது இப்பிடியேதான இருந்துருக்கும்?"

"ஆமா."

"ஒலகம் உண்டான நாள்லருந்து?"

"ஆமா புஷ்பம்."

"யாருக்குமே தெரியாமயா இருந்துச்சு?" என்றாள். நான் உள்ளே போய் அந்தத் தாள்களைப் பேராசிரியரின் மேஜையில் வைத்தேன்.

அந்த மிச்சத்தை இன்று நீங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பெயரோடு படித்துத் தேர்வு எழுதுகிறீர்கள். அப்போது அதற்குப் பெயர் கிடையாது. உலகத்தில் வேறு எவராவது அதைப் பார்த்திருந்தார்களா என்றும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் கையில் இருந்தது மண்டபத்தில் ஒரு ஓட்டு வீடு, ஒரு கரும்பலகை, நெருங்கி வந்துவிட்ட ஜூன் மாதம். அந்த நிலையில் இருந்துகொண்டு யோசித்துப் பாருங்கள், அப்போதுதான் அடுத்து நடந்தது புரியும்.

மறுநாள் காலை ரயிலில் புஷ்பம் வந்ததும் பேராசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். இரவு தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பலகையில் நாலு கட்டங்களும் அப்படியே இருந்தன.

"ஏம்மா, நான் சொல்றத அமைதியாக் கேளு. கடைசி அத்தியாயம் இல்லாமலே ஒன் ஆய்வேடு போதும். அதை எடுத்துரு, இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன், வேலைக்குச் சேந்துரு. அதை வச்சா, நம்பாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போட்டு அனுப்பினாலும், பரிசோதிக்கப் போறவங்க எல்லாம் அன்னைக்கு என் பூஜ்யத்துக்குக் கைதட்டினவங்க. திருப்பி அனுப்பிருவாங்க. ரெண்டு வருசம் இழுக்கும். அந்த வேலை ஒனக்காகக் காத்திருக்காது."

"கணக்குல தப்பு இருக்கா சார்?"

"எனக்குத் தெரியல."

"நீங்க பாத்தீங்களே."

"பாத்தேன். தப்பு அகப்படல. ஆனா சரின்னும் என்னால நம்ப முடியல. இத்தன வருசமா இந்தப் பூஜ்யத்த நம்பி நான் எவ்வளவோ எழுதியிருக்கேன்ம்மா."

அவர் டஸ்டரை எடுத்து அவளிடம் நீட்டினார். மிரட்டலாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் நீட்டினார் என்று நான் இன்றும் நம்புகிறேன். தன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்த்தார், அதுவும் எனக்குத் தெரியும். நெருக்கடியில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம் இல்லை. என்றைக்காவது நீங்களும் ஒருவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பீர்கள், அல்லது உங்கள் கையெழுத்துக்காக ஒருவர் காத்திருப்பார். அப்போது இந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்பம் டஸ்டரை வாங்கிக்கொண்டாள். பலகை வரைக்கும் போனாள். தன் கட்டத்தின் முன்னால் நின்றாள். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய அய்யா குரலைத் தாழ்த்திச் சொன்னதெல்லாம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அழித்துவிடு தாயே, வேலைக்குப் போ என்று மனதுக்குள் சொன்னேன். அழிக்காதே என்றும் அதே மனது சொன்னது.

அவள் திரும்பினாள்.

"தப்பா இருந்தா எம்பேர்ல இருக்கட்டும் சார். சிரிக்கிறவுக சிரிக்கட்டும். அழிச்சிட்டா இது மறுபடியும் யாருக்குமே தெரியாமப் போயிரும்."

டஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு தன் பையை எடுத்தாள். வேலை போய்விட்டது என்றே நாங்கள் மூவரும் நினைத்தோம்.

பேராசிரியர் எழுந்தார். மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். நாலாவது கட்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன்னுடைய பூஜ்யத்தை அழித்தார். அழித்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, வாசல் வரை போய்விட்ட புஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"ஆய்வேட்டைக் கொண்டாம்மா. எல்லா அத்தியாயத்தோடயும் கொண்டா, கையெழுத்துப் போடுறேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. அதையும் எழுதித்தான் போடுவேன்."